பேட்டரியை மாற்றுவதற்கு முன் மணிக்கட்டைப் பிடியுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் இருக்கிறது. அப்பாவுக்குப் பத்து வருஷமாக ரத்தக் கொதிப்பு. போன வருஷம் ஒருநாள் மெஷின் திரையில், எண்களுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி இதயப் படம் விட்டுவிட்டு மின்னியது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து நாலு புது பேட்டரி போட்டோம். மறுபடியும் மின்னியது. மலிவுச் சரக்கு என்று திட்டிவிட்டு அலமாரியில் தூக்கி வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து, காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட, "ஒண்ணுமில்லம்மா, கை மரத்துப் போச்சு" என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். ஐந்தாம் நாள் பெரிய பக்கவாதம் வந்தது.

அந்தக் குட்டி இதயம் மின்னியதற்கு அர்த்தம் "துடிப்பு சீராக இல்லை" என்பது. மெஷினோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருந்தது. நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஏஎஃப் என்றுதான் சொல்வார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வெளியே ஓர் எஸ்டேட் டவுனில் இருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்கு மேல் ஆகும், டவுனில் அரசாங்க கிளினிக் ஒன்றுதான். இந்தச் சூழ்நிலையில் எதை எங்கே, எந்த வரிசையில் செய்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். மருந்து முடிவு டாக்டருடையது. வரிசை, காகிதம், காசு, நேரம் இவை மட்டும்தான் என் பொறுப்பு.

1. முதலில் மணிக்கட்டு

காசு செலவில்லாத வேலை இது. வீட்டில் 65 வயதைத் தாண்டியவர், அல்லது ரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ (சர்க்கரை நோய்) உள்ளவர் இருந்தால், ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது.

நல்ல துடிப்பு உறுமி மேளம் மாதிரி ஒரே தாளத்தில் போகும். ஏஎஃப் துடிப்புக்குத் தாளமே கிடையாது. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று காணாமலே போய், பிறகு மூன்று அவசரமாக. அப்பாவின் கையைப் பிடித்தபோது மழைச்சொட்டு தகரக் கூரையில் விழுகிற மாதிரி இருந்தது.

பிரஷர் மெஷினைப் பற்றி இன்னொன்று. துடிப்பு தாறுமாறாக இருந்தால் மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் காட்டும். மூன்று தடவை எடுத்து மூன்றையும் எழுதி வையுங்கள். இதயப் படம் மின்னினால் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டலாம். படபடப்பு, மூச்சு வாங்கல் எதுவும் இல்லையே என்று நினைக்காதீர்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை.

2. ஈசிஜி காகிதத்தில் பிடியுங்கள்

மணிக்கட்டில் தெரிந்தது சந்தேகம் மட்டும்தான். ஈசிஜியில் பதிந்தால்தான் அதற்கு நோய் என்று பெயர். பன்னிரண்டு லீட் ஈசிஜி (இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பதிவது), அல்லது 30 விநாடிக்குக் குறையாத ஒற்றை லீட் பதிவு, இரண்டில் ஒன்று டாக்டர் கண்ணில் பட வேண்டும். மகன் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கை கொடுத்தால் நல்லதுதான், அதைக் காட்டி ஈசிஜி கேளுங்கள். வாட்சில் வந்த செய்தியை மட்டும் வைத்து யாரும் மருந்து எழுத மாட்டார்கள்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஏஎஃப் வந்து வந்து போகும் ரகமாகவும் இருக்கலாம். ஈசிஜி எடுக்கிற பத்து விநாடியில் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் காகிதம் சுத்தமாக வரும். "நார்மல், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால், "துடிப்பு தாறுமாறாக இருந்தது, இந்தத் தேதி, இந்த நேரம்" என்று எழுதி வைத்ததைக் காட்டி ஹோல்ட்டர் கேளுங்கள். உடம்பில் ஒட்டி 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவி அது. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் வழியாகத்தான் கிடைக்கும், தேதிக்குக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி. "இந்தியர்களுக்கு ஏஎஃப் குறைவு" என்று யாராவது சொல்வார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார். பொய் இல்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், வெள்ளைக்காரர்களை விடத் தெற்காசியர்களிடம் ஏஎஃப் குறைவாகத்தான் பதிவாகியிருக்கிறது. இனிப்பு நீரும் மாரடைப்பும் நம்மிடம் அதிகமாக இருந்தும் இது ஏன் குறைகிறது என்பது ஆய்வாளர்களுக்கே புதிர். ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி. உங்கள் அப்பாவின் மணிக்கட்டுக்குச் சராசரி கிடையாது. குறைவு என்று சொல்லித் தேடாமல் விட்டால் இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும்.

ஈசிஜி எடுத்தவுடன் அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஈசிஜி தாளில் மை மங்கிப்போகும், அதனால் அன்றைக்கே ஃபோட்டோஸ்டாட் எடுங்கள். எங்களுடைய முதல் ஈசிஜி ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்தது, 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். நகல் வாங்கவில்லை. பிறகு கேட்டபோது ஃபைலைக் காணவில்லை என்றார்கள். அந்த ஒரு தாள் இல்லாததால் எத்தனை மாதமாக இது இருந்தது என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

3. எந்தக் கதவு, எத்தனை மணி, எவ்வளவு

குடியுரிமை உள்ளவருக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, ஆஸ்பத்திரியின் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. 60 வயது தாண்டியவர், ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ளவர், அரசாங்க ஓய்வூதியக்காரர் என்றால் பதிவு மேசையில் கட்டண விலக்கு கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவர்களும், இன்னும் ஐசியே கிடைக்காதவர்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு. வெளிநாட்டவர் கட்டணத்தில் போட்டால் ஸ்பெஷலிஸ்டுக்கு மட்டும் 120 வெள்ளி. அட்டையைக் காட்டி முன்கூட்டியே விசாரியுங்கள், வரிசையில் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வீட்டில் எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவிப்பணம் வாங்குகிறவர் இருந்தால், 40 வயதைத் தாண்டியவருக்கும் அவருடைய துணைக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மைகாட் (அடையாள அட்டை) மட்டும் போதும், பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர், பிரஷர் எல்லாம் எடுப்பார்கள். அங்கேயே டாக்டரிடம் மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதே திட்டத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் போக்குவரத்துச் செலவாகத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரைக்கும், மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் உதவி இருக்கிறது. போக்குவரத்துப் பணம் எல்லாருக்கும் கிடையாது, தகுதி பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் கேளுங்கள்.

நேரம். கிளினிக் எட்டு மணிக்குத் திறக்கும், எங்கள் ஊரில் ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். மைசெஜாத்தரா செயலியில் அப்பாயின்ட்மென்ட் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவனை எழுப்புங்கள். வெள்ளிக்கிழமை மதியம் 12.15க்கு மேல் 2.45 வரைக்கும் தொழுகை நேர இடைவெளி. நாங்கள் இரண்டு தடவை அதில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி காண்டீனில் மீ கோரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது.

கிளினிக்கிலிருந்து ஸ்பெஷலிஸ்டுக்குப் போகும்போது சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) இல்லாமல் கிளம்பாதீர்கள். அதோடு ஈசிஜி நகல், மருந்துப் பட்டியல், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ஏஎஃப் வரும். எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) தேதி வர நாளாகும், எங்களுக்கு நாலு மாதம் ஆனது. "எக்கோ வரும்வரை ரத்தம் உறையாத மருந்து காத்திருக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

4. புள்ளிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

ஏஎஃப் உள்ள எல்லாருக்கும் ஒரே ஆபத்து இல்லை. டாக்டர்கள் சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு கணக்கு போடுவார்கள். இதயம் பலவீனம் என்றால் 1, ரத்தக் கொதிப்பு 1, இனிப்பு நீர் 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75உம் அதற்கு மேலும் 2, முன்பே பக்கவாதமோ சிறு பக்கவாதமோ வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 வந்தால் ரத்தம் உறையாத மருந்து தேவை என்பது பொது வழக்கம். 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் பெண் என்பதற்கான புள்ளியை எடுத்துவிட்டது. ஆகவே இரண்டு டாக்டர் இரண்டு எண் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள்.

அப்பாவுக்கு 58 வயது. கொதிப்பு 1, இனிப்பு 1. மொத்தம் 2. அதாவது கிளாஸ் நழுவுவதற்கு முன்பே, நாங்கள் பேட்டரி மாற்றிய அன்றைக்கே, அவர் மருந்து சாப்பிட வேண்டிய ஆள். இதை வார்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிய ராத்திரியை நான் மறக்க முடியாது.

ஏஎஃபை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் நம்பிக்கை வரும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 1991இல் அங்கிருந்துதான் எழுதினார்கள். ஐம்பது சொச்சம் வயதில் வரும் பக்கவாதங்களில் 1.5 விழுக்காட்டுக்கு ஏஎஃப் காரணம் என்றால், எண்பது சொச்சம் வயதில் அது 23.5 விழுக்காடு. ஊரோடு ஊராகக் கணக்கெடுத்ததால் கிடைத்த எண்கள் இவை.

நம் நாட்டுக் கணக்கும் பயமுறுத்தத்தான் செய்கிறது. தேசிய சுகாதார ஆய்வின் 2023 கணக்குப்படி பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு. இனிப்பு நீர் நம்மவர்களிடம்தான் அதிகம். ஒரு லயத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு புள்ளியோடு ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஎஃப் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

5. மருந்து: ஆஸ்பிரின் போதும் என்று யாராவது சொன்னால்

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரு கார்டிப்ரின் (ஆஸ்பிரின்) பட்டை இருக்கும். "ரத்தம் மெலிய இது போதும்" என்பார்கள். ஏஎஃபுக்குப் போதாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய 64 விழுக்காடு குறைக்கிறது, ஆஸ்பிரின் வகை 22 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. ரத்தக்கசிவு ஆபத்து ஆஸ்பிரினிலும் உண்டு.

வார்ஃபரினுக்கு மாற்றாகப் புது மருந்துகள் இருக்கின்றன: டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் எண்) பார்க்க அடிக்கடி ஓட வேண்டாம், கீரைக் கவலை இல்லை. ஆனால் விலை அதிகம், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் எழுதினால்தான் கிடைக்கும், எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. கையை விட்டு வாங்குவதென்றால் ஒரு மாதச் செலவைப் பார்க்காதீர்கள், ஆயுள் முழுவதும் வாங்க முடியுமா என்று பாருங்கள். மூன்று மாதம் வாங்கிவிட்டுக் காசு இல்லாமல் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நிறுத்திய ஓரிரு நாளில் பாதுகாப்பு போய்விடும்.

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு, அதாவது ருமாட்டிக் நோயில் மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கு, வார்ஃபரின்தான். 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் அவர்களுக்கு ரிவராக்ஸபானை விடப் பழைய வகை மருந்தே நன்றாக வேலை செய்தது. மெக்கானிக்கல் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் அப்படியே. பழைய மருந்து என்றால் ஏழை மருந்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் செய்யும் தவறுகள் இரண்டு. டாபிகாட்ரான் மாத்திரையை அதன் பட்டையிலிருந்து பிரித்துக் கிழமை டப்பாவில் போடக்கூடாது, ஈரம் பட்டுக் கெடும். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, சாப்பாட்டோடு போட வேண்டும்.

6. வார்ஃபரின் கிளினிக்கோடு குடித்தனம்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் அமையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வார்ஃபரின் கிளினிக்கை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மருந்தாளர்கள். ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் எண் பார்ப்பார்கள். ஏஎஃபுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை கூடக் கூப்பிடுவார்கள், எண் நிலைத்தால் இடைவெளி கூடும். ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதை ஐசி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் காட்ட வேண்டும்.

மாத்திரையின் பலத்துக்கு ஒரு நிறம். அப்பா "நீலம் ஒண்ணு, பழுப்பு ஒண்ணு" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். ஆகவே மில்லிகிராமைப் படித்துச் சொல்லப் பழக்குங்கள். எழுத்துத் தெரியாதவர் என்றால் பேத்தியிடம் வேலையைக் கொடுங்கள். தினமும் ஒரே நேரம், சாயங்காலம் வசதி. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது.

கீரையை நிறுத்தச் சொன்னார்கள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அப்படி யாரும் சொல்வதில்லை, மாற்றாமல் சாப்பிடச் சொல்வார்கள். கங்கோங், பாயாம், சாயூர் மானிஸ், முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு, அது வார்ஃபரினை எதிர்க்கும். வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிட்டால் எப்போதும் மூன்று நாள் சாப்பிடுங்கள். எங்களுக்கு எண் தடுமாறியது தைப்பூச விரதத்தில். அப்பா சைவத்துக்கு மாறினார், அம்மா தினம் ஒரு கீரை வைத்தார். ஐஎன்ஆர் 1.4க்கு இறங்கிவிட்டது. மருந்தாளர் பொண்ணு மலாய்க்காரர், பொறுமையாக, "அங்கிள், புவாசா (விரதம்) என்றால் முன்னாலேயே சொல்லுங்கள், தேதியை முன்னுக்குப் போடுகிறேன்" என்றார். அடுத்த விரதத்துக்கு அப்படியே செய்தோம்.

இடுப்பு வலிக்கு ஊசி. தோட்டத்து வேலைக்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். டவுன் கிளினிக்கில் போய் "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்றால் வலி ஊசி விழும். வார்ஃபரினில் இருப்பவருக்குச் சதையில் போடும் ஊசியே ரத்தக் கட்டு உண்டாக்கும், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் கசிய வைக்கும். பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதினால் வார்ஃபரின் கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். ஜாமு (மலாய் நாட்டு மருந்து), பவுடர், யாரோ கொடுத்த மூட்டுவலி உருண்டை எதுவும் வேண்டாம். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஐஎன்ஆரையும் கெடுக்கும், ஏஎஃபையும் தூண்டும்.

மலம் தார் மாதிரி கறுத்தால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். தலையில் காயம் தெரியாவிட்டாலும் போங்கள்.

மருந்து வாங்க மட்டும் மாதாமாதம் ஈப்போவுக்கு ஓட வேண்டாம். எஸ்பியூபி என்ற ஏற்பாட்டில் ஆஸ்பத்திரி மருந்தைப் பக்கத்துக் கிளினிக்கிலேயே எடுக்கலாம். மருந்தகக் கவுன்டரில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். எங்களுக்கு இது தெரிய ஏழு மாதம் ஆனது.

7. கை நழுவினால், வாய் இழுத்தால்

999ஐ அழையுங்கள். தனியார் கிளினிக் இல்லை, உருட் (மசாஜ்) போடுகிறவர் இல்லை, விரல் நுனியில் ஊசி குத்துவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஊசி வைத்தியத்தை எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஊசியும் கையுமாக வந்து செய்யப் பார்த்தார். பாசத்தில்தான்.

உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி எடுத்து மூளையில் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். நேரத்தை எண்ணுவது நீங்கள் பார்த்த நிமிஷத்திலிருந்து இல்லை, கடைசியாக நன்றாக இருந்த நிமிஷத்திலிருந்து. அதை ஒரு காகிதத்தில் எழுதி ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுங்கள். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கடைசி வேளை எப்போது போட்டார் என்பதையும் எழுதுங்கள். தண்ணீர், காப்பி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

தோட்டத்து ரோட்டில் பெயர்ப்பலகை கிடையாது. ஆம்புலன்ஸ் செம்பனைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பையனை மோட்டாரில் மெயின் ரோட்டுக்கு, முடிந்தால் ஆலையின் எடை மேடைக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.

பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள். அதற்கு டிஐஏ, அதாவது சிறு பக்கவாதம், என்று பெயர். பெரியது வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். பக்கவாதம் வந்த பிறகு ரத்தம் உறையாத மருந்தை எப்போது தொடங்குவது என்பதைப் பாதிப்பின் அளவைப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள், சில நாள் தள்ளியும் போடலாம். அதற்கு அவர்களை நெருக்காதீர்கள்.

8. சொக்சோ, ஈபிஎஃப், ஓகேயு: வரிசை முக்கியம்

60 வயது ஆவதற்குள் வேலை செய்ய முடியாமல் போனால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கெயிலாத்தான் (உடல் இயலாமை) ஓய்வூதியம் கேட்கலாம். வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். சந்தா விஷயத்தில், மனு போடுவதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருந்தால் முழுத் தகுதி. இல்லாவிட்டால் சேர்ந்ததிலிருந்து மொத்த மாதங்களில் எத்தனை பங்குக்குக் கட்டியிருக்கிறது என்று பார்த்து வேறு கணக்குகள் உண்டு. குறைந்தது 12 மாதம் கட்டியிருந்தால் ஒருமுறைத் தொகையாவது கேட்கலாம்.

எங்களுக்கு அடி விழுந்த இடம் இது. அப்பா தோட்டத்தை விட்டுக் கான்ட்ராக்ட்காரர் ஒருவரிடம் குலை வெட்டப் போயிருந்தார். சம்பளத்தில் சொக்சோ என்று பிடித்தார்கள், கட்டவில்லை. பதினோரு மாதம் காணோம். சம்பளச் சீட்டை அம்மா அரிசி டின்னில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தோம். உங்கள் வீட்டில் நோய் வருவதற்கு முன்பே சந்தா அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர் என்றால் இன்றைக்கே.

மனுவுக்கு வேண்டியவை: போராங் (படிவம்), ஐசி நகல், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டுகள், மருத்துவ அறிக்கை. மருத்துவ அறிக்கைக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது, ஆகவே வார்டை விட்டு வந்த வாரமே கேளுங்கள். எதற்கும் அசலைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு நகல் கொடுங்கள், ஏற்புச் சீட்டில் முத்திரை வாங்குங்கள்.

சேமநிதியான ஈபிஎஃபில் மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். அப்பாவின் சிகிச்சைக்குப் பிள்ளைகள் தங்கள் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். ரசீது எல்லாம் வேண்டும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்றால் ஹிலாங் உப்பாயா (இயலாமை) மனு தனி. ஓகேயு கார்டுக்கு நலத்துறை அலுவலகம், பாஸ்போர்ட் அளவு படம், டாக்டர் கையெழுத்திட்ட போராங். கை கால் எந்த அளவுக்குத் திரும்புகிறது என்று பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார், ஃபிசியோ சந்திப்பிலேயே பேச்சை எடுத்து வையுங்கள்.

9. ஆய்வுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால்

அப்பாவுக்கு ஆனதற்குப் பிறகு நான் மனம் மாறியது இந்த ஒரு விஷயத்தில்தான். முன்பெல்லாம் கிளிப்போர்டோடு ஆள் வந்தால் "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லுவேன். தேசிய சுகாதார ஆய்வு அப்படி வீடு வீடாக வந்துதான் எடுக்கப்படுகிறது. 2006 முதல் 2012 வரை தெ மலேசியன் கோஹோர்ட் என்ற ஆய்வுக்கு 35 முதல் 70 வயது வரையுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். நாம் கதவைச் சாத்தினால் நம் பெயரில் வரும் எண் பிரிட்டனிலிருந்துதான் வரும்.

ஆனால் யார் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அட்டையைப் பாருங்கள், கடிதத்தைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் இடங்களில் நடக்கும் ஆய்வுக்கு என்எம்ஆர்ஆர் பதிவு எண்ணும் எம்ஆர்இசி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்கும், ஒப்புதல் தாளில் அச்சிட்டிருக்கும். பல்கலைக்கழகம் என்றால் அதன் குழுவின் அனுமதி. தாள் மலாயில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அவசரம் என்றால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் கிளினிக்கில் உங்கள் வைத்தியம் பாதிக்காது. காசு கேட்டால் அது ஆய்வு இல்லை. "இலவசச் சோதனை" என்று கோயில் மண்டபத்தில் விரலைக் குத்திவிட்டுக் கடைசியில் காந்த மெத்தை விற்றவர்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது.

ஒப்புதல் தாளின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஈசிஜி எடுத்தால் அதன் முடிவு உங்களுக்குக் கிடைக்குமா, ஏதாவது தவறாகத் தெரிந்தால் யார் சொல்வார்கள், எத்தனை வாரத்தில் என்று கேட்டுத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சில ஆய்வுகளில் தனி முடிவு தர மாட்டார்கள். அது தெரிந்தே சேர வேண்டும்.

ரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள், பச்சைத்தண்ணீர் குடிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள், வெறும் வயிற்றில் ஊசி போட்டுவிட்டு வரிசையில் நின்று மயங்கியவர் உண்டு. காலை மாத்திரைகளையும் இரண்டு ரொட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ரத்தம் எடுத்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.